அலுவலகத்தில் தொலைபேசி அமைக்குமுன்...



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்றோர் ஊர் உண்டு. 2013ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், அங்குள்ள ஒரு தங்கும் விடுதியின் அறையில் கேரி ஹன்ட் என்னும் இளம் தாய், பிரிந்து வாழ்ந்த தம் கணவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். அப்போது உடனிருந்தவள் அவருடைய ஒன்பது வயது மகள். ஆபத்து நேர்ந்தால் 911 என்ற எண்ணை அழுத்த வேண்டும் என்று அக்குழந்தைக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அறையிலிருந்த தொலைபேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தினாள். இணைப்புக் கிடைக்கவில்லை. மீண்டும் அழுத்தினாள். நான்கு முறை முயன்றும் மறுமுனையில் எவரும் பேசவில்லை. தாய் உயிரிழந்தார்.

இணைப்பு ஏன் கிடைக்கவில்லை? தொலைபேசி பழுதடைந்திருந்ததா? இல்லை. கம்பி அறுந்திருந்ததா? அதுவும் இல்லை. அவ்விடுதியின் தொலைபேசி அமைப்பில், வெளியே பேச வேண்டுமானால் முதலில் 9 என்ற எண்ணை அழுத்தி, அதன் பிறகே வேண்டிய எண்ணை அழுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு இது எப்படித் தெரியும்? கருவி, தனக்கு விதிக்கப்பட்டபடியே வேலை செய்தது. விதித்த விதியில்தான் குறை இருந்தது.

அப்பெண்மணியின் தந்தை ஓயாமல் முயன்றார். அதன் பயனாக 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் ‘கேரி சட்டம்’ கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு அந்நாட்டில் அமைக்கப்படும் இத்தகைய அமைப்பு எதுவாயினும், முன் எண் எதுவும் இன்றி 911ஐ நேரடியாக அழுத்த இயல வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிடுகிறது.

‘இந்தச் செய்தி நமக்கு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். சிந்தித்துப் பாருங்கள். நம்மில் ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஒருவர் தோல் தொழிற்சாலை நடத்துகிறார். ஒருவர் பயண ஏற்பாட்டு நிறுவனம் நடத்துகிறார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தின் தாளாளராகவோ, மருத்துவமனையின் அறங்காவலராகவோ, ஜமாஅத்தின் பொருளாளராகவோ இருக்கிறார். இவர்கள் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள், ‘அலுவலகத்துக்கு ஓர் இன்டர்காம் போட வேண்டும், நல்ல ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்கத்தான் போகிறார்கள். யாரோ ஓர் எண்ணைக் கொடுப்பார். வந்தவர் ஒரு தொகையைச் சொல்வார். பேரம் பேசி முன்பணம் கொடுத்துவிடுவோம். அத்துடன் நம் பொறுப்பு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

உண்மையில் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

அலுவலகத் தொலைபேசி அமைப்பு என்பது ஒரு சிறிய தொலைபேசி நிலையம். நம் ஊர்களில் இதனை இ.பி.ஏ.பி.எக்ஸ். என்றும், பேச்சுவழக்கில் இன்டர்காம் என்றும் சொல்கிறோம். வெளியிலிருந்து வரும் இணைப்புகள் ஒரு பக்கம். ஒவ்வொரு மேசைக்கும் செல்லும் எக்ஸ்டென்ஷன்கள் மறுபக்கம். நடுவில் இருக்கும் பெட்டி, யார் யாருடன் பேசலாம், வெளியே யார் பேசலாம், வரும் அழைப்பு முதலில் எங்கே ஒலிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கிறது.

இன்று மூன்று வகைகள் கிடைக்கின்றன. முதலாவது, சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் இயங்கும் பழைய வகை. இதற்கான கருவிகள் விலை குறைவு. கம்பி நீண்ட தூரம் சென்றாலும் பேச்சு தெளிவாக இருக்கும். இரண்டாவது, கணினி வலையின் கம்பியிலேயே இயங்கும் ஐ.பி. வகை. ஒரே கம்பியில் கணினியும் தொலைபேசியும் இயங்கும். வேறு ஊரில் உள்ள கிளையையும் ஒரே அமைப்பாக இணைக்கலாம். மூன்றாவது, பெட்டியே நம்மிடம் இல்லாமல், சேவை நிறுவனத்தின் கணினியிலிருந்து இணையம் வழியாக இயங்கும் வகை. இதற்கு மாதந்தோறும் ஆள் கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டும்.

இவற்றில் எது சிறந்தது? இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கணினியே இல்லாத பத்து அறைகளுக்கு முதல் வகையே போதும். எல்லா மேசைகளிலும் கணினி உள்ள புதிய கட்டடத்துக்கு இரண்டாம் வகை பொருந்தும். இணையம் அடிக்கடி அறுபடும் இடத்தில் மூன்றாம் வகையை நம்பக் கூடாது. தேவை என்னவென்று அறியாமல் வகையைத் தேர்ந்தெடுப்பது, அளவு எடுக்காமல் துணியை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

தேவையை முதலில் நீங்கள் எழுதுங்கள்

ஒப்பந்தக்காரரை அழைக்குமுன் ஒரு தாளை எடுத்து நான்கு செய்திகளை எழுதுங்கள். எத்தனை எக்ஸ்டென்ஷன்கள்? அவை எந்தெந்த அறையில்? ஐந்து ஆண்டுகளில் எத்தனை கூடும்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியே பேசுவார்கள்?

இவற்றுள் நான்காவது கேள்வியில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். இருபது எக்ஸ்டென்ஷனுக்கு இருபது வெளி இணைப்புகள் வேண்டியதில்லை. இரண்டு மட்டும் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைக் காத்திருக்க வைப்பதும் கூடாது. இதற்குக் கணக்கு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்னும் அறிஞர் 1917ஆம் ஆண்டிலேயே இக்கணக்கை வகுத்து வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் தொலைபேசிப் பொறியாளர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். நெரிசலான ஒரு மணி நேரத்தில் இருபது பேரும் ஆளுக்கு 6 நிமிடம் வெளியே பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 நிமிடம், அதாவது 2 மணி நேரப் பேச்சு. அப்படியானால் 2 இணைப்புகள் போதுமே என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் வரிசையாக வருவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வருகின்றன. எர்லாங்கின் கணக்குப்படி, 2 இணைப்புகள் மட்டும் இருந்தால் 100 அழைப்புகளில் 40 அழைப்புகளுக்கு இடமிருக்காது. 4 இணைப்புகள் இருந்தால் ஏறத்தாழ 10 அழைப்புகளுக்கு இடமிருக்காது. 6 இணைப்புகள் இருந்தால் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடமிருக்காது. ஆக, இந்த அலுவலகத்துக்கு 6 இணைப்புகள் போதும். எட்டும் பத்தும் வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். இரண்டே போதும் என்பவரிடமும் காரணம் கேளுங்கள்.

இணையம் வழியாகப் பேசும் வகையாயின் வேறொரு கணக்கும் உண்டு. வழக்கமான தரத்தில் ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கிலோபிட் வேகம் செலவாகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. ஆகவே, ‘இணைய வேகத்தைப் பன்மடங்கு கூட்டினால்தான் பேச்சுத் தெளிவாகும்’ என்று எவரேனும் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். தெளிவைக் கெடுப்பது பெரும்பாலும் வேகக் குறைவன்று, தாமதமும் தடங்கலும்தான். பேசியது மறுமுனையைச் சேர நொடியின் ஆறில் ஒரு பங்குக்கு மேலானால், ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேசத் தொடங்கிவிடுவோம். தொலைபேசிப் பேச்சுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி ரவுட்டரை அமைத்துத் தருவது ஒப்பந்தக்காரரின் வேலை. அதை அவர் செய்வாரா என்று கேளுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

ஒருவரிடம் மட்டும் விலை கேட்காதீர்கள். குறைந்தது மூவரிடம் கேளுங்கள். மூவருக்கும் உங்கள் தேவைத் தாளின் ஒரே படியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் 16 எக்ஸ்டென்ஷனுக்கும், இன்னொருவர் 24 எக்ஸ்டென்ஷனுக்கும் விலை சொல்வார்கள். எது மலிவு என்று ஒப்பிட வழியே இருக்காது.

மூவரையும் நேரில் வந்து இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டடத்தைப் பார்க்காமலே தொலைபேசியில் விலை சொல்பவர், பிறகு ‘இவ்வளவு கம்பி ஆகும் என்று தெரியாது’ என்று சொல்லிக் கூடுதல் தொகை கேட்பதற்கு வழி வைத்துக்கொள்கிறார்.

அவர் இதற்கு முன் வேலை செய்து கொடுத்த இரண்டு இடங்களின் முகவரியைக் கேளுங்கள். நேற்று முடித்த இடம் வேண்டாம்; மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த இடம் வேண்டும். புதிதாக இருக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பழுது வந்தபோது அவர் வந்தாரா, எத்தனை நாளில் வந்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தைப் பற்றியும் விசாரியுங்கள். ‘பெரிய கம்பெனி, பயமில்லை’ என்ற சொல் போதாது. கனடாவைச் சேர்ந்த நார்டெல் உலகின் மாபெரும் தொலைபேசிக் கருவி நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. 2009 ஜனவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டில் அதன் அலுவலகத் தொலைபேசிப் பிரிவு வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எனவே, நீங்கள் வாங்கும் கருவிக்கு உதிரிப்பாகம் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், அதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் உங்கள் மாவட்டத்தில் இவர் ஒருவர்தானா, வேறு எவரும் உண்டா என்று கேட்டறியுங்கள். ஒருவரைத் தவிர வேறு எவராலும் தொட முடியாத கருவி, உங்களை அந்த ஒருவரின் கையில் ஒப்படைத்துவிடும்.

எழுத்தில் இல்லாதது ஒப்பந்தத்தில் இல்லை

சகோதரர்களே! நம்மவர்களிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. ‘தெரிந்த பையன்தான், எழுதி வாங்கினால் தப்பாக நினைப்பான்’ என்று சொல்லிவிடுகிறோம். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே, அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனமே, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எழுதுவது சந்தேகத்தின் அடையாளம் அன்று. இரு தரப்பின் மறதிக்கும் அது மருந்து. நாளை மனத்தாங்கல் வராமல் இருப்பதற்கு அதுவே வழி.

சட்டப்படி இன்னொரு காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெறுபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. தம் பிழைப்புக்காகத் தாமே தொழில் செய்பவர் அதற்கென வாங்கும் பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஒரு நிறுவனம் தன் அலுவலகத்துக்குத் தொலைபேசி அமைத்தால், குறை நேரும்போது நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறக்காமல் போகலாம். அப்போது உங்களுக்குத் துணை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அச்சட்டத்தின் முன் நிற்க உங்கள் கையில் ஒப்பந்தத் தாள் வேண்டாமா?

அத்தாளில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒவ்வொரு கருவியின் பெயர், மாதிரி எண், எண்ணிக்கை, விலை. கம்பியின் வகையும், மீட்டர் ஒன்றுக்கான விலையும். சரக்கு சேவை வரி விலையில் அடங்கியதா, தனியா என்பது. வேலை தொடங்கும் நாள், முடியும் நாள். நாள் தவறினால் என்ன செய்வது என்பது. சுவரில் துளையிட்டால் அதைப் பூசித் தருவது யார் என்பது. உத்தரவாதக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது. கருவி வந்து இறங்கிய நாளிலிருந்து அன்று, வேலை முடித்து ஒப்படைத்த நாளிலிருந்து என்று எழுதுவதே நியாயம்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். அது இரு வகைப்படும். ஒன்றில் உதிரிப்பாகத்தின் விலையும் அடங்கும். மற்றொன்றில் வந்து பார்க்கும் கூலி மட்டுமே அடங்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுபோல் இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, மொத்தம் 2,00,000 ரூபாய் என்றால், தொடக்கத்தில் 60,000. கருவிகள் வந்து சரிபார்த்தபின் 80,000. வேலை முடிந்து சோதித்தபின் 40,000. ஒரு மாதம் பழுதின்றி ஓடியபின் மீதி 20,000 என்று வகுத்துக்கொள்ளலாம். முழுப் பணத்தையும் முன்னரே கொடுத்துவிட்டால் நம் கையில் எதுவும் மிஞ்சாது. ஒன்றுமே கொடுக்காவிட்டால் அவர் கருவி வாங்க எங்கே போவார்?

கண்ணுக்குத் தெரியாத கம்பி

கருவியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் போன கம்பியை மாற்றுவது எளிதன்று. ஆகவே கம்பியில் கவனம் வையுங்கள்.

ஐ.பி. வகைக்குப் போடும் கணினிக் கம்பியின் உள்ளே தூய செம்பு இருக்க வேண்டும். சந்தையில் அலுமினியக் கம்பியின்மேல் செம்பைப் பூசி விற்கிறார்கள். விலை குறைவு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஐ.பி. தொலைபேசிகள் பேச்சோடு மின்சாரத்தையும் அதே கம்பி வழியாகவே பெறுகின்றன. அலுமினியக் கம்பி எளிதில் சூடேறும், ஒடியும், தொலைவில் உள்ள கருவிக்கு மின்சாரம் போதாமல் போகும். ஒரு துண்டை வெட்டிக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பன்று.

இக்கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தர விதி. பள்ளி, தொழிற்சாலை போன்ற பெரிய வளாகங்களில் இது முக்கியம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெட்டவெளியில் செம்புக் கம்பியை இழுத்தால், இடி மின்னல் காலத்தில் அதுவே கருவிக்குள் மின்னலைக் கொண்டுவரும் பாதையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்டர்காம் பெட்டிகள் எரிந்துபோவதை நாம் அறிவோம். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் கம்பி போடச் சொல்லுங்கள்; அதில் மின்சாரம் பாயாது. வெளி இணைப்புகள் செம்பில் வந்தால் அவற்றுக்கு மின்னல் காப்புக் கருவியும், பெட்டிக்குச் சரியான எர்த்தும் வேண்டும்.

மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் ஒரே பைப்பில் போகக் கூடாது. இரைச்சல் வருவது ஒருபுறம் இருக்கட்டும். மின்கம்பியின் உறை உரிந்தால் தொலைபேசியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் எண் ஒட்டச் சொல்லுங்கள். அதை அன்றே செய்தால் சில மணி நேர வேலை. செய்யாவிட்டால் பின்னால் பழுதுபார்க்க வருபவர் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கான கூலியை நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இரவில் நுழையும் திருடன்

பூட்டை உடைக்காமலே அலுவலகத்துக்குள் நுழையும் திருடன் ஒருவன் இருக்கிறான். பலரும் அவனை அறியமாட்டார்கள்.

இணையத்தோடு இணைந்த தொலைபேசிப் பெட்டிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 101 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால் அது நொடியில் அகப்பட்டுவிடும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட பெட்டியும் அப்படித்தான். உள்ளே நுழைந்தவன், கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு உங்கள் இணைப்பிலிருந்து அழைத்துக்கொண்டே இருப்பான். அக்கட்டணத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. இதை அவன் பெரும்பாலும் விடுமுறை நாளின் இரவில்தான் செய்வான். பெருநாள் விடுமுறை முடிந்து நீங்கள் அலுவலகத்தைத் திறக்கும்போது பல இலட்ச ரூபாய்க் கட்டணம் ஏறியிருக்கலாம். ‘நான் பேசவில்லையே’ என்று சொன்னால், ‘உங்கள் இணைப்பிலிருந்துதானே அழைப்பு போயிருக்கிறது’ என்ற பதிலே வரும்.

இதைத் தடுப்பது கடினமன்று. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் நீண்ட, வெவ்வேறான கடவுச்சொல் வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையெனில் அதை முடக்கிவைக்கும்படி தொலைபேசி நிறுவனத்துக்கே எழுதிக் கொடுங்கள். தேவையெனில் ஓரிரு எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும், அலுவலக நேரத்துக்கு மட்டும் திறந்துவையுங்கள். வெளியிலிருந்து அழைத்து, பெட்டி வழியாக மீண்டும் வெளியே பேசும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதை மூடிவிடச் சொல்லுங்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நம் குடும்பங்களில் வளைகுடா நாடுகளில் பிழைப்பவர் பலர். ‘இந்தச் சிறிய பெட்டியை உங்கள் அலுவலகத்தில் வைத்தால் போதும், சிம் கார்டுகளை நீங்கள் வாங்கித் தாருங்கள், வெளிநாட்டுப் பேச்சு இலவசம், மாதம் வாடகையும் தருகிறோம்’ என்று சொல்லி வருபவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றும் திருட்டுத் தொலைபேசி நிலையம் அது. உரிமம் இன்றி அதை நடத்துவது குற்றம். சிம் கார்டு உங்கள் பெயரில், பெட்டி உங்கள் கூரையின்கீழ் என்றால் காவல்துறை முதலில் உங்கள் கதவைத்தான் தட்டும். அத்தகையவரை வாசலோடு திருப்பியனுப்புங்கள்.

ஒப்படைப்பு நாள்

வேலை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் சொல்லும் நாளில் கையொப்பமிட அவசரப்படாதீர்கள். அவரோடு ஒவ்வோர் அறையாக நடங்கள். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலிருந்தும் இன்னொன்றுக்குப் பேசிப் பாருங்கள். வெளியே அழையுங்கள், வெளியிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். எல்லா இணைப்புகளும் பேச்சில் இருக்கும்போது வரும் அழைப்பு என்னவாகிறது என்று பாருங்கள். அலுவலகம் மூடியபின் வரும் அழைப்பு எங்கே ஒலிக்கிறது என்று பாருங்கள்.

பிறகு மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். பழைய செம்பு இணைப்புக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி பேசியது. ஃபைபர் இணைப்பில் அப்படியில்லை. நம் சுவரில் மாட்டியுள்ள கருவிக்கு மின்சாரம் இல்லையெனில் இணைப்பும் இல்லை. ஆகவே தொலைபேசிப் பெட்டி, ஃபைபர் கருவி, ரவுட்டர், ஐ.பி. தொலைபேசிகளுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச் ஆகிய அனைத்தும் யு.பி.எஸ்.ஸில் இணைந்திருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

கையொப்பமிடுமுன் பெற வேண்டியவை: எக்ஸ்டென்ஷன் பட்டியல், கம்பி செல்லும் வழியின் வரைபடம், வரிசை எண்கள் குறித்த பில்கள், உத்தரவாதச் சீட்டுகள், பெட்டியின் அமைப்புகளைச் சேமித்த நகல், எல்லாவற்றுக்கும் மேலாக நிர்வாகக் கடவுச்சொல். இக்கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. ‘உங்களுக்கு எதற்கு? மாற்ற வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள்’ என்பார்கள். வீட்டைக் கட்டிய கொத்தனார் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டால் ஏற்போமா? அதை எழுதி வாங்கி, உறையிலிட்டு மூடி, நிர்வாகியின் பெட்டகத்தில் வையுங்கள்.

பழைய பெட்டியையும் அதன் மின்கலங்களையும் குப்பையில் போடாதீர்கள். அவற்றில் ஈயமும் அமிலமும் உண்டு. மின்னணுக் கழிவுகளுக்கும் மின்கலக் கழிவுகளுக்கும் 2022ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தனித்தனி விதிகள் இருக்கின்றன. பழைய மின்கலத்தைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

நம் பங்கும் உண்டு

இதுவரை கூறியவற்றால், ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களிலும் பலர் நம்மைப்போல் குடும்பம் நடத்தப் பாடுபடுபவர்களே. அவருக்கும் நம்மீது உரிமைகள் உண்டு.

வேலை நடுவில் இருக்கும்போது, ‘அந்த அறையிலும் ஒன்று போட்டுவிடுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, பில் வரும்போது ‘இது எப்போது சொன்னேன்?’ என்று கேட்பது அநீதி. கூட்டியதையும் குறைத்ததையும் அன்றே எழுதிக் கையொப்பமிடுங்கள். வேலை சரியாக முடிந்தபின் பணத்தை இழுத்தடிப்பதும் அநீதி. அவரிடம் கூலிக்கு வேலை செய்த பையன்களின் அடுப்பு அந்தப் பணத்தில்தான் எரிகிறது. ஏணியில் ஏறிக் கம்பி இழுப்பவருக்கு அருகில் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டடத்துக்கு உரியவரான நம் கடமையே.

பொதுப்பணத்தில் இவ்வேலையைச் செய்விப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பள்ளியின் பணம், மருத்துவமனையின் பணம், ஜமாஅத்தின் பணம் நம் கையில் அமானிதம். சொந்தப் பணத்தில் காட்டும் தாராளத்தை அதில் காட்ட நமக்கு உரிமை இல்லை. மூன்று விலைப்புள்ளிகளையும், ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தோம் என்ற குறிப்பையும் கோப்பில் வையுங்கள். நாளை உங்களுக்குப்பின் வருபவர் அதைப் பார்த்துத் தெளிவடைவார்.

கடைசியாக ஒரு கேள்வி

அந்த ஒன்பது வயதுக் குழந்தையை மீண்டும் நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் அவசர உதவிக்கான பொது எண் 112. தமிழகத்தில் ஆம்புலன்ஸுக்கு 108. நம் அலுவலகங்கள் பலவற்றில் வெளியே பேச 0 அல்லது 9ஐ முதலில் அழுத்த வேண்டும். போதாததற்கு, 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க இன்னொரு 0 சேர்க்க வேண்டியிருக்கிறது. தினமும் பேசும் ஊழியருக்கே இது குழப்பம். பள்ளியில் மயங்கி விழுந்த ஆசிரியரின் அருகில் நிற்கும் மாணவிக்கோ, மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருக்கும் முதியவருக்கோ இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆகவே ஒப்பந்தக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையைப் பற்றியதாக இருக்க வேண்டாம். ‘எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும், முன் எண் எதுவும் இல்லாமல், பூட்டு எதுவும் தடுக்காமல், 112ம் 108ம் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். ஐ.பி. வகையிலும் இணைய வகையிலும் இந்த எண்கள் உங்கள் ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்கே செல்கின்றனவா என்பதையும் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அழைப்பு போனவுடன் வரவேற்பு மேசையில் எந்த அறையிலிருந்து போனது என்று தெரியும்படி அமைக்க இயலுமானால் அதையும் செய்யச் சொல்லுங்கள். வாசலில் வந்து நிற்கும் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமே!

ஏற்கெனவே தொலைபேசி அமைத்துவிட்டவர்கள், நாளை காலை அலுவலகம் சென்றதும் உங்கள் பராமரிப்பாளரை அழைத்து இந்த ஒன்றை மட்டுமாவது சரிபார்த்துவிடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் இது சில நிமிட வேலை. வீட்டில் உங்கள் குழந்தைக்கும் இந்த இரண்டு எண்களைக் கற்றுக்கொடுங்கள். அதை அக்குழந்தை அழுத்தும் நாள் வராமலே போகட்டும். வந்துவிட்டால், மறுமுனையில் ஒருவர் பேச வேண்டும்.